கூரையை விழுங்கிய கார்கள்

சக்கரங்களின் காலம் – 17

போன இதழில் துணிக்கூரைக் கார்களோடு நிறுத்தியிருந்தோம். மழை தூறினால் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, கம்பிச் சட்டத்தை நிமிர்த்தி, கித்தானை இழுத்து மாட்டி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிடும் வண்டிகள் அவை. மூடினாலும் காற்று புகும், தண்ணீர் சொட்டும். திருடனுக்கு ஒரு பேனாக்கத்தி போதும். இந்தத் தொல்லையிலிருந்து பிறந்ததுதான் அடுத்த ஆசை: மூடினால் முழு இரும்புக் கூரை வேண்டும், திறந்தால் அப்படி ஒரு கூரை இருந்த தடமே தெரியக் கூடாது.

இதை முதலில் செய்தது யார் என்று தேடப் போனால், கிடைக்கும் ஒவ்வொரு பதிலுக்கும் கீழே அதைவிடப் பழைய பதில் ஒன்று புதைந்திருக்கிறது. ஆகவே இந்த அத்தியாயத்தைப் பின்னாலிருந்து முன்னாகச் சொல்கிறேன். தேடுகிறவர்கள் போகிற வழியும் அதுதான்.

பெரும்பாலோர் சொல்லும் பதில் ஃபோர்டு ஸ்கைலைனர். 1957 முதல் 1959 வரை மூன்று வருடங்களில் 48,394 வண்டிகள் விற்றன. ஸ்விட்சைத் தட்டினால் டிக்கியின் நீண்ட மூடி பின்பக்கமாக எழும்பும். கூரையின் முன்விளிம்பு தனியே மடியும். முழுக் கூரையும் எழுந்து பின்னால் போய் டிக்கிக்குள் படுத்துக்கொள்ளும். இதற்காக அந்த வண்டிக்குள் 610 அடி நீளத்துக்கு ஒயர் ஓடியது. கூரை படுத்த பிறகு பெட்டி வைக்க மிஞ்சுவது நடுவில் ஒரு சின்னத் தொட்டிதான். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். விலையையும் சாமான் வைக்கும் இடத்தையும் பார்த்தவர்கள் துணிக்கூரையே போதும் என்றார்கள். ஸ்கைலைனர் கடைக்கு வந்து விற்ற கார், மாதிரி வண்டி இல்லை. போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு வந்தது. நாம் தேடுவது அதற்கும் கீழே உள்ள அடுக்கை.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் கிரைஸ்லர் தண்டர்போல்ட் என்பார்கள். 1940 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் கண்காட்சிகளில் 1941ஆம் ஆண்டுக்கான அதிசயமாக அது வந்து நின்றது. இதற்குப் பின்னால் ஒரு காயம் இருந்தது. 1934இல் கிரைஸ்லர் ‘ஏர்ஃப்ளோ’ என்று காற்றைக் கிழிக்கும் வடிவில் ஒரு காரை விற்கப் பார்த்தது. காலத்துக்கு முந்திய அந்த வடிவத்தை ஜனங்கள் ஏற்கவில்லை. அந்தச் சூட்டுக்குப் பிறகு நிறுவனம் வடிவ விஷயத்தில் அடக்கி வாசித்தது. அந்த அடக்கத்தை உடைக்கும் யோசனை வெளியிலிருந்து வந்தது. டெட்ராய்ட்டில் கிரைஸ்லருக்கு பாடி கட்டிக் கொடுத்தது பிரிக்ஸ் நிறுவனம். லெபாரன் என்ற உயர்தர பாடிக் கூடமும் அதன் கையில்தான் இருந்தது. அங்கிருந்த ரால்ஃப் ராபர்ட்ஸ் ‘நியூபோர்ட்’ என்ற திறந்த காரையும், இருபத்தாறு வயது அலெக்ஸ் ட்ரெமுலிஸ் ‘தண்டர்போல்ட்’டையும் வரைந்தார்கள். ட்ரெமுலிஸ் பெயரைக் கேள்விப்பட்ட மாதிரி இருந்தால் அது டக்கர் காரால் இருக்கும். 1948 டக்கரின் உடலையும் வரைந்தவர் அவரே.

தண்டர்போல்ட்டின் கதவில் கைப்பிடி கிடையாது. பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கும், உள்ளேயும் பொத்தான்தான். முன்முகத்தில் ரேடியேட்டருக்குக் காற்று போக வழக்கமாக இருக்கும் கம்பிவலை இல்லை. பம்பருக்கு அடியிலிருந்து காற்று உறிஞ்சப்பட்டது. ஹெட்லைட்டுகள் உலோக இமைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. நான்கு சக்கரங்களும் பாதிக்கு மேல் மூடப்பட்டிருந்தன. கதவில் வளைந்து நெளிந்த மின்னல் சின்னம். கூரை மொத்தமும் மின்மோட்டாரால் பின்னால் நகர்ந்து டிக்கிக்குள் இறங்கிவிடும். இது சாத்தியமானதற்குக் காரணம் உள்ளே ஒரே ஒரு நீள இருக்கை மட்டும் இருந்ததுதான். கூரை குட்டையாக இருந்தால் டிக்கிக்குள் அடங்கும். பின்னிருக்கை வேண்டுமென்றால் கூரை நீளும், கூரை நீண்டால் வாலும் நீள வேண்டும். இந்த வகைக் கார்களின் வடிவத்தையெல்லாம் தீர்மானித்தது இந்தக் கணக்குதான். ட்ரெமுலிஸ் பின்னிருக்கையைத் தியாகம் செய்தார். ஃபோர்டு பின்னாளில் வாலை நீட்டியும் கூரையின் நுனியை மடித்தும் பார்த்தது.

இந்தக் கார்கள் எத்தனை கட்டப்பட்டன? எண்பது ஆண்டுக்கு முந்திய விஷயம், ஒரு பெரிய நிறுவனத்தின் சொத்து, நாடு முழுக்கக் காட்டப்பட்டவை. சுலபமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றும். தண்டர்போல்ட் ஐந்து என்பதையே பெரும்பாலோர் ஒப்புகிறார்கள். அவற்றில் நான்கு இன்றும் இருக்கின்றன. நியூபோர்ட்டுக்கு ஒரு புத்தகத்தில் ஐந்து, இன்னொன்றில் ஆறு. இப்படிக் குழம்புவதில் ஆச்சரியமில்லை. மாதிரி வண்டிக்கு விற்பனை ரசீது கிடையாது. தொழிற்சாலை வரிசையில் எண் விழாது. சேசிஸ் எண் இருக்கும். ஆனால் அது அடியில் இருக்கும் சட்டத்துக்கு உரியது. மேலே எந்த பாடி ஏறியது என்பதை அது சொல்லாது. பாடி கட்டியவர்கள் வைத்த தகடு தனி. அந்தத் தகடு கழன்று போயிருந்தால் மிச்சமிருப்பது புகைப்படங்கள்தான்.

புகைப்படம் நம்பகமான சாட்சி என்று நினைப்போம். கண்காட்சிக் கார்களின் விஷயத்தில் அதைவிட ஏமாற்றும் சாட்சி இல்லை. ஊர் ஊராகப் போகும் வண்டிக்கு ஒருமுறை வேறு பெயிண்ட் அடித்தால் போதும், கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு கார் இரண்டாகிவிடும். விளம்பரப் படங்களை ஆர்ட்டிஸ்ட் திருத்தியிருப்பார். நிஜத்தில் இல்லாத பளபளப்புப் பட்டை படத்தில் இருக்கும். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் சில்லறைகளைப் பார்க்கிறார்கள். வைப்பர் எந்த இடத்தில் இருக்கிறது, ஹெட்லைட் மறைந்திருக்கிறதா இல்லையா, பட்டை எங்கே முடிகிறது. நியூபோர்ட்டுகளில் ஒன்றுக்கு மட்டும் ஹெட்லைட் வெளியே தெரியும்; அதைக் கொண்டே பல படங்களைப் பிரித்துவிடலாம். காரே கையில் கிடைத்தால் பளபளக்கும் வெளிப்புறத்தை விட்டுவிட்டு டாஷ்போர்டுக்குப் பின்பக்கம், கதவின் உட்பலகைக்கு அடி, இருக்கைக்குக் கீழே என்று கை விடுவார்கள். மறுசீரமைப்பு செய்தவர்களின் தூரிகை எட்டாத இடங்கள் அவை. பழைய பெயிண்டின் அடுக்கும், இப்போது எதுவும் மாட்டியிராத திருகாணித் துளைகளும் அங்கேதான் மிஞ்சியிருக்கும். நான் ஒரு காரின் சரித்திரத்தை எடை போட வேண்டுமானால், பரிசு வாங்கிய பிறகு எடுத்த நூறு வண்ணப் படங்களைவிட, துருவேறிக் கிடந்தபோது எடுத்த மங்கலான நாலு படத்தைத்தான் கேட்பேன்.

நியூபோர்ட்டைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டு நகரலாம். 1941 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் போட்டிக் கார்களை முன்நடத்திச் சென்றது ஒரு நியூபோர்ட். கடையில் விற்காத கார் ஒன்று அந்தப் பந்தயத்தை முன்நடத்தியது அதுவே முதல் தடவை. இன்னொன்று நடிகை லானா டர்னர் கைக்குப் போனது. அந்த 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும் இந்த விளையாட்டுகளெல்லாம் நின்றன.

சரி, தண்டர்போல்ட்தான் முதலா? ஆங்கிலத்தில் மட்டும் படித்தவர்களுக்கு நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவின் முதல் என்று சொன்னால் யாரும் பெரிதாகச் சண்டைக்கு வர மாட்டார்கள். உலகின் முதல் என்றால் பிரெஞ்சுக்காரர்கள் எழுந்துவிடுவார்கள். எழுந்தால் நியாயம் அவர்கள் பக்கம்தான்.

பாரிஸில் ஜார்ஜ் பாலின் என்று ஒருவர் இருந்தார். 1902இல் பிறந்தவர். தொழில் பல் வைத்தியம். கார் வரைவது மாலைநேர வேலை. பொறியியல் கல்லூரிப் பக்கம் போகாத இந்த மனிதர் 1930களின் தொடக்கத்தில், ஒரே துண்டான இரும்புக் கூரையைப் பின்னால் நகர்த்தி டிக்கிக்குள் வைக்கும் ஏற்பாட்டுக்குக் காப்புரிமை எடுத்தார். வாயைத் திறங்கள், இன்னும் கொஞ்சம் என்று பகலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், காருக்கும் பின்பக்கம் ஒரு வாயைத் திறந்துவிட்டார் என்று கேலி செய்யத் தோன்றுகிறது. ஆனால் ஏற்பாடு கேலிக்குரியதாக இல்லை. டிக்கி மூடியின் கீல் வழக்கத்துக்கு மாறாகப் பின்பக்கம் இருக்கும். மூடி பின்னோக்கித் திறக்கும். முன்கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து விடுபட்ட கூரை, இரண்டு பக்கக் கைகளில் தொங்கியபடி ஒரு வளைவில் பின்னே போய் உள்ளே இறங்கும். பிறகு மூடி முன்னோக்கி விழுந்து மூடிக்கொள்ளும். ஏற்பாட்டுக்கு ‘எக்லிப்ஸ்’ என்று பெயர். கிரகணம்! சூரியனை வரவழைக்கும் சாதனத்துக்குச் சூரியனை மறைக்கும் பெயர். பாரிஸ்காரர்களின் குறும்பு.

பாலினின் காப்புரிமைக்கு நூல்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் தரப்படுவதைப் பார்க்கலாம். அக்காலத்துப் பிரெஞ்சுக் காப்புரிமைத் தாளின் தலைப்பிலேயே மூன்று தேதிகள் இருக்கும்: விண்ணப்பித்த நாள், வழங்கிய நாள், அச்சிட்டு வெளியிட்ட நாள். எழுதுகிறவர் எதை எடுத்தார் என்று சொல்லாமல் விட்டால் ஆண்டு முன்னே பின்னே போகும். “முதலில் யார்” என்ற சண்டைகளில் பாதி இப்படி வளர்ந்தவை. காப்புரிமைத் தாளில் தேதியைவிட மதிப்புள்ளது கோட்டோவியம். தன் ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று விண்ணப்பித்தவரே அதில் விளக்கிக் காட்டியாக வேண்டும். விளம்பரத் தாளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

தாளில் இருந்ததை ரோட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் இன்னும் இரண்டு பேர். மார்செல் பூர்தூ பாடி கட்டுபவர். எமில் தார்ல்மா பாரிஸில் பியூஜோ கார் விற்றவர்; விற்கிற காரோடு திருப்தியடையாத வியாபாரி. வரைந்தவர் பல் வைத்தியர், கட்டியவர் பூர்தூ, விற்றுக் கொடுத்தவர் தார்ல்மா. இந்த மூவர் கூட்டில் 1934இல் பியூஜோ 401, 601, லான்சியா பெல்னா ஆகியவற்றின் மேல் எக்லிப்ஸ் கூரைகள் ஏறின. கூரை இயங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு பியூஜோ நிறுவனமே உரிமையை வாங்கியது. அடுத்து வந்த 402 எக்லிப்ஸ் சில நூறு வண்டிகள் கட்டப்பட்டன. ஆறு பேர் உட்காரும் திறந்த கார் அது. வால் எவ்வளவு நீளம் என்று கேட்காதீர்கள். அந்த 402இன் ஹெட்லைட்டுகள் முன்வலைக்குப் பின்னால் நெருக்கி அமர்ந்திருக்கும். எதிரே வருவதைப் பார்த்தால் மாறுகண் தெரியும்.

முதலில் வந்த 402களில் கூரை மின்சாரத்தில் நகர்ந்தது. சில காலத்திலேயே அதை விட்டுவிட்டு, கையால் தள்ளும் ஏற்பாட்டுக்கு மாறினார்கள். இதைப் பின்னடைவு என்று சில நூல்கள் எழுதுகின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அக்கால பேட்டரியின் தெம்பு கொஞ்சம். கூரையின் எடையோ கீல்களில் சரியாகப் பகிர்ந்திருந்தால் ஒரு ஆள் தள்ளிவிடலாம். பாலினின் கெட்டிக்காரத்தனம் மோட்டாரில் இல்லை, அந்தச் சமநிலையில்தான் இருந்தது. மோட்டாரை எடுத்த பிறகும் கூரை நகர்ந்ததே அதற்குச் சான்று. இருபது ஆண்டு கழித்து ஃபோர்டு அத்தனை ஒயரைக் கட்டி இழுத்தபோது இந்தப் பாடம் யாருக்கும் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

இதற்கும் கீழே இன்னொரு அடுக்கு உண்டு. 1922இல் அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் பென் எல்லர்பெக் என்பவர் ஹட்சன் கூபே ஒன்றில் கையால் நகர்த்தும் இரும்புக் கூரையை அமைத்துக் காட்டினார். கூரை பின்னால் போனாலும், டிக்கி இருக்கும் இடத்தில் வைத்த மடிப்பு இருக்கையில் ஆள் உட்காரலாம். நல்ல யோசனை, தயாரிப்பாளர் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே நினைத்தவர்களில் முதலிடம் கேட்டால் எல்லர்பெக்குக்குக் கொடுக்கலாம். காரை வாங்கியவன் தினமும் திறந்து மூடும்படி செய்தவர் யார் என்றால் என் ஓட்டு பாலினுக்கு.

பாலின் அதோடு நிற்கவில்லை. தார்ல்மாவுக்காக அவர் வரைந்த பியூஜோ பந்தயக் கார்கள் 1937, 1938 லே மான் 24 மணி நேரப் பந்தயங்களில் ஓடின. 1938இல் ஒன்று மொத்தத்தில் ஐந்தாவதாகவும் 2 லிட்டர் பிரிவில் முதலாவதாகவும் வந்தது. அதே 1938இல் பாரிஸில் இருந்த கிரேக்கக் கப்பல் குடும்பத்து எம்பிரிகோஸ் என்பவருக்காக பென்ட்லி 4¼ லிட்டர் சேசிஸ் மேல் பாலின் வரைய, பூர்தூ அலுமினியக் கலவைத் தகட்டில் பாடி கட்டினார். மறு ஆண்டு அந்த பென்ட்லியை இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் தடத்தில் ஜார்ஜ் ஐஸ்டன் ஓட்டி ஒரு மணி நேரத்தில் 114 மைலுக்கு மேல் கடந்தார். இந்த ஐஸ்டன்தான் 1938 செப்டம்பரில் பான்வில் உப்புவெளியில் மணிக்கு 357.5 மைல் வேகத்தில் நிலச் சாதனை படைத்தவர். அவர் அன்று ஓட்டிய வண்டியின் பெயர் தண்டர்போல்ட். கிரைஸ்லர் தன் அதிசயக் காருக்குப் பெயர் எடுத்தது அங்கிருந்துதான். பாரிஸ் பல் வைத்தியருக்கும் டெட்ராய்ட் இளைஞருக்கும் இடையே நேர்த் தொடர்பு எதையும் நான் காணவில்லை. இருவர் கதையிலும் வந்துபோகிறவர் இந்த ஓட்டுநர் ஒருவரே.

எம்பிரிகோஸ் காரைப் பார்த்து மனம் மாறிய பென்ட்லி தரப்பு பாலினையே அமர்த்திக்கொண்டு ‘கார்னிஷ்’ என்ற மாதிரிக் காரை உருவாக்கியது. இது மூடிய கார். நம் தலைப்புக்குள் வராது. ஆனாலும் மாதிரி வண்டிகளின் விதியைச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் இல்லை. பாரிஸின் வான்வூரன் கூடத்தில் பாடி கட்டி, பிரான்ஸின் சாலைகளிலேயே ஓட்டிப் பார்த்தபோது 1939 ஆகஸ்டில் பெரிய விபத்து. சேசிஸ் இங்கிலாந்தின் டார்பிக்குத் திரும்பியது. பாடியைப் பழுது பார்க்கப் பிரான்ஸிலேயே விட்டார்கள். சரிசெய்த பாடி கப்பலுக்காக டியெப் துறைமுகத்தில் காத்திருந்தபோது போர் வந்தது, குண்டுவீச்சில் அழிந்தது. ஒரு காரின் கீழ்ப்பாதிக்கு ஒரு நாட்டில் ஒரு சரித்திரம், மேல்பாதிக்கு இன்னொரு நாட்டில் வேறொரு முடிவு.

பிரான்ஸை ஜெர்மானியர் பிடித்த பிறகு பாலின் பிரிட்டிஷ் உளவுத்துறைக்காக வேலை செய்தார். 1941இல் கெஸ்டாபோ அவரைக் கைது செய்தது. 1942 மார்ச் 21 அன்று பாரிஸுக்கு மேற்கே மோன் வலேரியன் கோட்டையில் சுட்டுக் கொன்றார்கள். வயது நாற்பதைத் தொடவில்லை. பாடி கட்டும் தொழிலில் பெரும் பெயரெடுத்த கெல்னர் குடும்பத்து ஜாக் கெல்னரும் அதே நாளில் அங்கே சுடப்பட்டார். கார்களைப் பற்றிய பழைய ஆங்கில நூல்களில் பாலின் பெயர் இடம்பெறாமல் போனதற்கு மொழி ஒரு காரணம் என்றால், போருக்குப் பிறகு தன் கதையைச் சொல்ல அவர் இல்லை என்பது இன்னொன்று. ட்ரெமுலிஸ் 1991 வரை இருந்தார். பேசினார், எழுதினார், வரைந்து காட்டினார். யார் சொன்னார்களோ அவர்கள் கதை நின்றது.

எம்பிரிகோஸ் பென்ட்லி போரைத் தாண்டியது. 1949இல் லே மானில் ஓடி ஆறாவதாக வந்தது. அப்போது அதற்கு வயது பதினொன்று. அடுத்த இரண்டு ஆண்டுகளும் அங்கே ஓடியது. கார்னிஷை இங்கிலாந்து ஆர்வலர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலினின் வரைபடங்களைக் கொண்டு மறுபடி கட்டத் தொடங்க, பென்ட்லியின் மல்லினர் பிரிவு 2019இல் முடித்தது. வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது 1939 மாதிரி வண்டி இல்லை. அந்த வரைபடத்தின்படி இன்றைய கைகள் கட்டிய கார். இருபது முப்பது ஆண்டு போனால் இந்த வேறுபாட்டைச் சொல்ல ஒரு தகடுகூட மிஞ்சாமல் போகலாம். எந்தப் பாகம் எந்த வருடத்தது என்பதைக் கட்டியவர்களே இப்போதே காரில் பொறித்து வைத்துவிடுவது நல்லது.

தண்டர்போல்ட்டுக்கு இரண்டு ஆண்டு முன்பே, ஜெனரல் மோட்டார்ஸின் வடிவப் பிரிவுத் தலைவர் ஹார்லி ஏர்ல் ஒரு மாதிரிக் காரைக் கட்டி, அதைக் காட்சிப் பொருளாக வைக்காமல் ஆண்டுக்கணக்காக ஆபீசுக்கு ஓட்டிப் போய்வந்தார். பெயர் பியூக் ஒய்-ஜாப். கூரை துணிதான். ஆனால் அது ஒளிந்துகொள்ளும் இடத்துக்கு இரும்பு மூடி போட்டிருந்தார். அந்தக் கார் எப்படிக் காயலான் கடைக்குத் தப்பியது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)